பாதியில் நின்ற துளை

ததேயா எந்தக் காரியத்தையும் முடித்த கையோடு விட்டுவிடுபவள் அல்லள். முடித்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைப்பாள். வீட்டைப் பூட்டினால் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தால் குனிந்து பார்ப்பாள். ஷாலெட்ஸுக்கும் செலியேவுக்கும் இடையே ஓடும் பேருந்தை அவள் விடிகாலையில் எடுக்கும்போது, பணிமனைக்காரர்கள் எல்லாம் சரி என்று கையெழுத்திட்ட பிறகும், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுவிட்டே ஏறுவாள்.

“என்ன ததேயா, நேத்து இருந்த சக்கரம் இன்னிக்கும் இருக்கா?” என்று சக ஓட்டுநர் ட்ராகோ கேலி செய்வான்.

“என்னோடது இருக்கு. உன்னோடத நீ போய்ப் பாரு” என்பாள்.

மகள் நேஷாவின் வாய்க்குள் இருந்த திருகையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள்.

நேஷாவுக்குப் பதின்மூன்றரை வயது. அவளுடைய மேல்தாடை குறுகலாக வளர்ந்திருந்தது. கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகியது. தூக்கத்தில் வாயால் மூச்சு விட்டாள். மேல்தாடை என்பது இரண்டு எலும்புகள். அவை சேரும் நடுக்கோடு, பிள்ளைகள் வளரும் காலத்தில் முழுதாக இறுகியிராது. அந்தக் காலத்துக்குள் அண்ணத்தில் ஒரு விரிப்பானைப் பொருத்தி, நாளுக்குக் கால் சுற்று திருகினால், எலும்புகள் மெல்ல விலகி இடம் கொடுக்கும். நடுவே புது எலும்பு வளரும். முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி தோன்றினால் காரியம் நடக்கிறது என்று பொருள். கோடு இறுகிவிட்டால், பிறகு வளர்ந்த பின் அறுவை சிகிச்சைதான். மருத்துவரிடம் முறை வருவதற்கே அவர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ஏப்ரல் எட்டாம் தேதி விரிப்பான் பொருத்தப்பட்டது. அதன் நடுவில் ஒரு திருகு; அதில் நான்கு துளைகள். முன்னால் தெரியும் துளையில் சாவி என்னும் சிறு கம்பியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும்; முழுதாகத் தள்ளினால் அடுத்த துளை முன்னால் வந்து நிற்கும். முதல் மூன்று மாலைகள் ததேயாவே திருகினாள். பிறகு முதுகு பிடித்துக்கொண்ட சக ஓட்டுநருக்காகப் பத்து நாள் மாலைப் பணி பார்க்க நேர்ந்தது. அந்தப் பத்து நாளும் திருகியவன் அவள் கணவன் வொய்கோ. கடைசி இரண்டு நாள் மீண்டும் ததேயா. ஆகப் பதினைந்து திருப்பங்கள். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் பதினைந்து அடையாளங்கள்.

ஆனால் சோதனைக்குப் போன நாளில் பற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் விரிந்திருக்க வேண்டிய திருகு, ஒன்றரைதான் விரிந்திருந்தது. ததேயா அன்று பணியில் இருந்தாள். மகளை அழைத்துப் போனவன் வொய்கோ. தான் ஒரு நாளும் தவறவில்லை என்பதை அவன் அறிவான். மனைவி தவறமாட்டாள் என்பதையும் அறிவான். மிஞ்சியவள் நேஷா. கிளாரினெட் வாசிக்கையில் வலிக்கிறது என்பதற்காக இவளே ஊக்கையோ எதையோ விட்டுத் திருகைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறாள் என்று அவன் முடிவு கட்டினான்.

மறுநாள் அவளுடைய சீருடையை எடுத்துக்கொண்டு ஊர் இசைக்குழுவின் ஒத்திகைக்கே போய்விட்டான். கிளாரினெட் வரிசை முழுவதும் கேட்க, “இவ பொய் சொல்றா. இனிமே வரமாட்டா” என்று சொல்லிச் சீருடையைக் குழுத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். மே முதல் நாள் விடியலில், குழு லாரியில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசித்து மக்களை எழுப்பும். அந்த லாரியில் இடம் கிடைக்க நேஷா இரண்டு ஆண்டுகள் உழைத்திருந்தாள்.

அது நடந்து ஐந்து நாள்கள் ஆகின்றன. அன்றிலிருந்து அவள் தந்தையோடு பேசவில்லை. ததேயா இருவருக்கும் நடுவே வாய் திறக்கவில்லை. சூடு தணியட்டும் என்று இருந்துவிட்டாள்.

இன்று ஏப்ரல் இருபத்தொன்பது. அதுவரை திருக வேண்டாம் என்று சொல்லி மருத்துவர் குறித்துக் கொடுத்த கடைசி நாள்.

காலை உணவின்போது நேஷா பாலில் குழைத்த சோளக் கூழைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். கெட்டியானவை எல்லாம் விரிப்பானில் மாட்டிக்கொள்ளும். போன வாரம் உண்ட கசகசாக் கேக்கைப் பீச்சாங்குழலில் நீர் அடித்து வெளியேற்ற அரைமணி நேரம் ஆயிற்று.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லு. சர்க்கரை அவர் பக்கத்துல இருக்கு.”

ஒரு முழத் தூரத்தில் அமர்ந்திருந்த வொய்கோ சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தினான். “அவகிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு.”

“காது கேக்குறதுதான அவர் தொழிலு. மத்தது எதுவும்தான் கேக்கறதில்ல” என்றாள் மகள்.

வொய்கோ பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவன். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள இசைப் பள்ளிகள் அனைத்திலும் அவன் சாவி நுழையாத பியானோ இல்லை. மனைவியை நோக்கித் திரும்பினான்.

“நானும் வரணுமா? செலியேல மூணு பியானோ கெடக்கு. அடுத்த வாரம் பசங்களுக்குப் பரீட்சை.”

“பியானோ காத்திருக்கும். எலும்பு காத்திருக்காது. நீ வர்ற.”

“வந்து என்ன பண்ணப் போறேன்? அந்தம்மா கழட்டிடலாம்னு சொல்லப் போறாங்க. அதக் கேக்க மூணு பேரா?”

நேஷா கரண்டியை வைத்தாள். “கழட்டிடுவாங்களாம்மா?”

“கழட்ட விடமாட்டேன்.”

“அவங்க டாக்டர். நீ டிரைவர்.”

“அதனாலதான் சொல்றேன். வண்டி நின்னுபோச்சுன்னா, எதனால நின்னுச்சுன்னு தெரியாம நான் எறங்கினதே இல்ல.”

ததேயா தன் முறையை ட்ராகோவுக்கு மாற்றிவிட்டிருந்தாள். பீருக்கு மணம் சேர்க்கும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களின் ஊடே கார் ஓடியது. உயரக் கம்பங்களிலிருந்து புதுக் கயிறுகளை இறக்கிக் கட்டும் பருவம்; ஆட்கள் வண்டிமேல் நின்று கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பல் சீரமைப்பு மருத்துவர் லோகர் அம்மையார் ஒல்லியானவர். சொற்களையும் அளந்தே செலவிடுபவர். நேஷாவின் வாயை விளக்கொளியில் பார்த்தார். அளவுகோலை வைத்தார். மீண்டும் ஒன்றரை மில்லிமீட்டர்.

“ரெண்டே காரணந்தான் இருக்க முடியும்” என்றார். “ஒண்ணு, எலும்பு இறுகிடுச்சு, அது எதிர்த்துத் தள்ளித் திருகு பின்னால வந்துடுது. இல்லேன்னா யாரோ சரியாத் திருப்பல. முதல் காரணமா இருந்தா இதை வாயில வெச்சிருக்கறதுல அர்த்தம் இல்ல. பதினெட்டு வயசுல அறுவை சிகிச்சைக்கு எழுதிக் குடுத்துடறேன்.”

“ரெண்டாவதா இருந்தா?” என்று கேட்டாள் ததேயா.

“அப்பா ஏற்கெனவே சொல்லிட்டாரே. பொண்ணு கை வெச்சிருக்கான்னு.”

“நான் வெக்கல” என்றாள் நேஷா. வாயில் கருவி இருந்ததால் சொல் குழறிற்று, கண்கள் குழறவில்லை.

“எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தாம்மா சொல்லும்.”

“டாக்டர், ஒரு நிமிஷம்.” ததேயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “உங்க அலமாரில அந்தப் பிளாஸ்டர் பல் அச்சு இருக்கே, இதே மாதிரி திருகு வெச்சது. அத எடுங்க. திருப்பினவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் உங்க கண்ணு முன்னால திருப்பிக் காட்டறோம். அதுக்கப்புறம் எழுதிக் குடுங்க.”

“வெளில ஏழு பேர் காத்திருக்காங்க.”

“நாங்க நாலு வருஷம் காத்திருந்தோம். ஏழு பேரும் ரெண்டு நிமிஷம் பொறுப்பாங்க.”

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து அச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ததேயா முதலில் திருப்பினாள். சாவியை நுழைத்தாள், பின்புறமாக முழுதும் தள்ளினாள், உருவினாள், குனிந்து பார்த்தாள். அடுத்த துளை முன்னால் முழு வட்டமாக வந்து நின்றது.

“சரி” என்றார் மருத்துவர்.

வொய்கோ அடுத்து வந்தான். அவன் விரல்கள் நீளமானவை. ததேயாவின் விரல்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவை. சாவி துளைக்குள் ஓசையின்றி இறங்கியது. ஒரே இழைவில் பின்னால் போயிற்று. உருவுவதற்கு முன் அவன் மணிக்கட்டு, ஒரு பெருமூச்சு விடுவதுபோல, சற்றே முன்னால் தளர்ந்தது.

ததேயா குனிந்து பார்த்தாள். அடுத்த துளை வரவில்லை. பழைய துளை பாதியில் நின்றது.

இந்தப் பாதித் துளையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அந்தப் பத்து நாள் மாலைப் பணி முடிந்து முதல்முறையாக மகளின் வாயைத் திறந்த அன்று, துளை இப்படித்தான் நடுவழியில் நின்றது. உலோகம் தளரும் போலும் என்று எண்ணி, மிச்சத்தைத் தள்ளிவிட்டுத் தன் திருப்பத்தைத் திருப்பினாள். முடித்ததைத் திரும்பிப் பார்க்கிறவள், பார்த்ததைக் கேட்கத் தவறிவிட்டாள்.

“இன்னொரு தடவ பண்ணு” என்றாள்.

“பண்ணிட்டேனே.”

“இன்னொரு தடவ.”

அவன் அதே துளையில் சாவியை நுழைத்தான். தள்ளினான். மணிக்கட்டு தளர்ந்தது. துளை அதே பாதியில் வந்து நின்றது.

மருத்துவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “கடைசியில என்ன பண்றீங்க?”

“எங்க?”

“தள்ளின பிறகு. உருவறதுக்கு முன்னால.”

வொய்கோ தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான். “உக்கார வெக்கிறேன்.”

“எதை?”

“திருக… உக்கார வெக்கிறது.” அவன் குரல் மெல்ல இறங்கியது. “பியானோல கம்பிய முறுக்கினா, வேணுங்கற சுருதிக்கு ஒரு மயிரிழை மேல போய்ட்டு, அப்புறம் ஆணியக் கொஞ்சம் பின்னால விட்டு உக்கார வெக்கணும். அப்பதான் நிக்கும். இல்லேன்னா மறுநாளே சுருதி இறங்கிடும். எல்லாரும் அப்படித்தான்… இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான்…”

“இது பியானோ இல்ல” என்றார் மருத்துவர்.

நேஷா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து அச்சின் அருகில் வந்தாள். விரலால் அந்தப் பாதித் துளையைத் தொட்டாள்.

“அப்போ பத்து நாளும்?”

“பத்து நாளும் ஒரே துளைதான்” என்றார் மருத்துவர். “முதல் நாள் அரைத் திருப்பம் போயிருக்கும். அப்புறம் தினமும் போறது, வர்றது. வலிச்சிருக்கும், நகர்ந்திருக்காது.” அவர் காகிதத்தில் கணக்கிட்டார். “அம்மா திருப்பினதோட அந்த அரையையும் கூட்டினா ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். சரியா இருக்கு.”

வொய்கோ சாவியை மேசைமேல் வைத்தான். அது உருண்டு விழப்போனது, ததேயா பிடித்துக்கொண்டாள்.

“அப்படீன்னா எலும்பு?” என்றாள்.

“எலும்பு இறுகிடுச்சா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. நாம இன்னும் அதைக் கேட்கவே இல்லையே.” மருத்துவரின் முகத்தில் முதல்முறையாக ஏதோ இளகிற்று. “நாளுக்கு ரெண்டு திருப்பம். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு வாரம். இடைவெளி விழுந்தா பொழச்சோம். விழலேன்னா நான் முன்னால சொன்னதுதான். உத்தரவாதம் கேக்காதீங்க, பதின்மூன்றரை வயசு.”

“கேக்கல. ஒரு வாரந்தான் கேக்கறேன்.”

அன்றைய காலைத் திருப்பத்தை ததேயா அங்கேயே திருப்பினாள். நேஷாவின் கண்களில் நீர் முட்டியது.

“எங்க வலிக்குது?”

“பல்லுல இல்லம்மா. மேல. மூக்குக்கு அடில நெருக்குது. இதுவரைக்கும் இப்படி இருந்ததில்ல.”

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் காரை ததேயாவே ஓட்டினாள். வொய்கோ முன்னிருக்கையில் கைகளை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். வழக்கமாக மகளுக்குத் திருகும்போது வலி தெரியாமல் இருக்க விலங்குக் கதைகள் சொல்பவன் அவன். இன்று பின்னிருக்கையிலிருந்து நேஷா தொடங்கினாள்.

“ஒரு ஊர்ல ஒரு அகழெலி இருந்துச்சு. கண்ணு சரியாத் தெரியாது. ஆனா ரொம்ப சுத்தம் பாக்கும். மலைக்கு அந்தப் பக்கம் போக வளை தோண்டுச்சு. தினமும் ஒரு சாண் தோண்டும். தோண்டின மண்ணு அசிங்கமா இருக்கேன்னு, போறதுக்கு முன்னால அத அழகா அமுக்கி, பழைய இடத்துலயே வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்கும்.”

வொய்கோ திரும்பவில்லை.

“பத்து நாள் கழிச்சுப் பாத்தா வளை அங்கயேதான் இருக்கு. அகழெலிக்குக் கோவம் வந்துருச்சு. பக்கத்துல ஒரு முயல் பாட்டு வாசிச்சுட்டு இருந்துச்சு. ‘நீதான் மூடிட்ட’ன்னு அதோட வாத்தியத்தப் பிடுங்கிட்டுப் போயிருச்சு.”

“அப்புறம்?” என்றான் வொய்கோ, சாலையைப் பார்த்தபடி.

“தெரியல. முயல் இன்னும் அந்தக் கதைய முடிக்கல.”

“இன்னிக்கு ஒத்திகை எத்தன மணிக்கு?” என்று வொய்கோ கேட்டான். அவன் கேட்டது மனைவியிடம் அன்று, மகளிடம்.

“ஆறுக்கு” என்றாள் நேஷா. ஐந்து நாள்களில் அவனுக்கு அவள் நேராகச் சொன்ன முதல் சொல்.

தீயணைப்புக் கூடத்தின் மாடியில்தான் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். அவர்கள் ஏறிச் சென்றபோது நாற்பது பேரும் வாத்தியங்களைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வொய்கோ கதவருகே தயங்கவில்லை. நேராகக் குழுத் தலைவர் ஸ்ரெச்கோவின் மேடைக்குப் போனான்.

“மாஸ்டர், ஒரு வார்த்தை பேசணும்.”

ஸ்ரெச்கோ தடித்த மனிதர்; மீசையும் தடித்தது. “போன தடவ நீ பேசினதே இன்னும் ஜீரணம் ஆகல. பேசு.”

வொய்கோ கிளாரினெட் வரிசையை நோக்கித் திரும்பினான். “போன வியாழக்கிழமை இங்க வந்து என் பொண்ணு பொய் சொல்றான்னேன். அவ பொய் சொல்லல. திருக ஒவ்வொரு நாளும் பின்னால விட்டது நான். தெரியாமப் பண்ணினேன். ஆனா அவ சொன்னதக் கேக்காம இருந்தது தெரியாமப் பண்ணினது இல்ல. அது என் திமிரு. நேஷா, என்ன மன்னிச்சிடு.”

டிராம்போன் வரிசையிலிருந்து யாரோ, “பியானோக்காரன் சுருதி எறங்கிட்டான்டா!” என்றான். கூடம் சிரித்தது. வொய்கோவும் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டான்.

ஸ்ரெச்கோ மீசையைத் தடவினார். “நல்லது. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. சீருடைய இன்னொரு பொண்ணு யூலியாவுக்குக் குடுத்துட்டேன். நேத்தே அவங்கம்மா அதோட கைய மடிச்சுத் தெச்சுட்டாங்க. லாரில பதினோரு கிளாரினெட்டுக்குத்தான் எடம். சீருடை இல்லாம ஏத்தினா ஊரு என்னைக் கேக்கும். நாளை மறுநாள் விடிஞ்சா மே ஒண்ணு.”

“எடம் கேக்க வரல மாஸ்டர்” என்றான் வொய்கோ. “சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“நாற்காலி இருக்கு. இன்னிக்கு வாசிக்கட்டும். லாரிய நான் யோசிக்கறேன்.”

சிலர் கை தட்டினார்கள். நேஷா கிளாரினெட் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் முடிந்தது என்று கூடம் எண்ணிற்று. கதவருகே நின்றிருந்த ததேயாவுக்கு அது முடிந்ததாகத் தோன்றவில்லை.

ஒருவன் தவறாகச் சொன்னான். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். எதையும் சொல்லாதவளுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அவள் வரிசைகளுக்கு இடையே நடந்து மகளின் அருகில் போய் நின்றாள்.

“என்னம்மா? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். எனக்கும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு.”

“நீ ஒண்ணும் சொல்லலையே.”

“அதுதான் தப்பு. துளை பாதில நின்னத நான் ஒரு வாரம் முன்னாலயே பாத்தேன். கேக்கல. அப்பா உன்னப் பொய்க்காரின்னு சொன்னப்ப, நீ அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். உன்ன நம்பினேன். ஆனா நம்பினத மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டேன். அஞ்சு நாள் நீ தனியா நின்ன.”

நேஷா கிளாரினெட்டின் மேற்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை ஏறிட்டாள். அவள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கிற பிள்ளை அல்லள்.

“இத எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லாத” என்றாள். “அப்பா சொன்னப்போ எல்லாரும் இருந்தாங்க.”

ததேயா நிமிர்ந்தாள். அத்தனை முகங்களையும் நோக்கித் திரும்பினாள். முரசுக்காரர் குச்சிகளைத் தொடையில் வைத்தார். குழல்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

“என் பொண்ணு பொய் சொல்லல” என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். “அது எனக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும். தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல.”

பிறகு அவள் நகரவில்லை. மகள் போகச் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.